காசி கேட்டது

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்காக எல்லோரும் கைதட்டினோம். அவன் செய்தது இவ்வளவுதான்: தண்ணீர் கேட்டான்.

ஜேக்குக்குப் பத்து வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. தாகம் எடுத்தால் பக்கத்தில் இருப்பவரைப் பிறாண்டுவான், இல்லையென்றால் மேசையில் தலையை இடிப்பான். அன்றைக்குத் தானாக எழுந்தான். தன் பலகையிலிருந்து தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, வகுப்பைக் கடந்து வந்து என் கையில் வைத்தான்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அங்கே அரசுப் பள்ளியின் சிறப்புப் பிரிவில் நான் உதவி ஆசிரியை. சாயங்காலம் ஜேக்கின் அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். "என் பிள்ளைமேல் உங்களுக்கு எவ்வளவு பாசம்" என்றாள். நான் அவள் பிள்ளைக்காக அழவில்லை. அதை அவளிடம் சொல்லவா முடியும்?

என் தம்பி காசிக்கு முப்பத்தைந்து வயது. தென்காசியிலேயே பிறந்து வளர்ந்தவன். இந்த ஆடி மாதம் அவனும் இதே மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டான். அதற்கு யாரும் கைதட்டவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

2

இந்த வேலைக்கு நான் வந்தது தற்செயல். கணவருக்கு இங்கே மருத்துவமனையில் கணினி வேலை. மகள் நிலா பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் விண்ணப்பித்தேன். நேர்காணலில் காசியைப் பற்றிச் சொன்னேன். எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள்.

பயிற்சியின் முதல் வாரமே எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மா கோயில் கோயிலாக, டாக்டர் டாக்டராக அலைந்து தேடியதை இங்கே ஒரு சாதாரண வகுப்பறையில் மேசை போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு பிள்ளை தலையில் அடித்துக்கொண்டால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அடித்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவேண்டும். அடித்துக்கொள்ளாமலே அதைப் பெற வேறொரு வழி சொல்லிக்கொடுக்கவேண்டும். அன்றைய பொழுதைப் படங்களாக வரிசையில் காட்டவேண்டும். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்கவேண்டும். செய்தால் பிடித்ததை அந்த நிமிடமே கொடுக்கவேண்டும். நம் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ளவேண்டும். பல இடங்களில், பல பிள்ளைகளிடம் செய்து பார்த்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்ட முறைகள் இவை. முகத்தைப் பிடித்துத் திருப்பி, "கண்ணைப் பார்" என்று கட்டாயப்படுத்துவதெல்லாம் முன்பு இருந்ததாம். ஆட்டிசம் உள்ளவர்களே வளர்ந்து பெரியவர்களாகி, அது எவ்வளவு வேதனை என்று சொன்ன பிறகு எங்கள் பள்ளியில் அதை விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏட்டி, எம் புள்ளைய நாயப் பழக்குத மாதிரி பழக்கச் சொல்லுதியா? அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

உண்மைதான், அம்மாவுக்குத் தெரியும். அவனுக்குப் பசிப்பதற்கு முன்னால் சோறு வரும், வியர்ப்பதற்கு முன்னால் சட்டை கழன்றுவிடும். கேட்கவேண்டிய அவசியமே அவனுக்கு வந்ததில்லை.

ஒரு தடவை அம்மாவையும் காசியையும் ஒரு கோடைக்கு இங்கே அழைக்க விண்ணப்பித்தோம். அம்மாவுக்கு விசா கிடைத்தது. காசிக்கு மறுத்துவிட்டார்கள். வேலை இல்லை, மனைவி இல்லை, சொத்து இல்லை, ஆகவே ஊருக்குத் திரும்புவார் என்று நம்ப இடமில்லை என்று மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அம்மா இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போகாதவன், இங்கே தங்கி என்ன சம்பாதித்துவிடுவான் என்று பயந்தார்களோ! அம்மா பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "அவன் வரக்கூடாத ஊருக்கு நான் என்னத்துக்கு வரணும்?"

இங்கே என் நாக்கும் சும்மா இருப்பதில்லை. அவசரத்தில் ஜேக்கிடம் "இரு, இரு" என்று தமிழில் சொல்லிவிடுவேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். வேறு யார் என்ன சொன்னாலும் ஓடுவான், "இரு" என்றால் நிற்பான். மேலாளர் கூப்பிட்டு, எல்லோரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தவேண்டும், பிள்ளைகள் குழம்புவார்கள் என்றார். நியாயம். அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

3

போன வருடம் அம்மா இறந்தாள். இந்த ஆடியில் முதல் திதி. பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தது. நிலா வரவில்லை. பதினாறு வயது, அவளுக்குத் தோழிகளோடு ஏதோ முகாம். "உன் தம்பிக்கு ஹலோ சொல்லு" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினாள். மாமா என்கிற சொல் அவள் வாயிலிருந்து எப்போது போனது என்று நான் கவனிக்கவே இல்லை.

அண்ணன் சங்கரன் செங்கோட்டை ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். எங்களுக்கு வடகரையில் வயல் இருந்த காலத்து வீடுதான் இப்போதும். முன்பு நெல் மூட்டை அடுக்கிய பின்கட்டு அறையில் காசி இருந்தான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

திறந்ததும் எழுந்து வந்து என் தலைமுடியை மோந்து பார்த்தான். ஆளை அவன் அடையாளம் காண்பது அப்படித்தான். கட்டைவிரலுக்குக் கீழே கடித்துக் கடித்துத் தோல் செருப்புபோல் தடித்திருந்தது.

அண்ணன் மனைவி செல்வி மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பூட்டாம என்ன செய்ய, செம்பகம்? கேஸத் தொறந்து விட்டுருதான். ரோட்டுல போயி நின்னுக்கிடுதான். ஒங்க அண்ணன் விடிஞ்சா கடைக்குப் போயிருதாரு. நான் ஒத்தையில கெடந்து பாக்கேன்."

ஜேக் ஒருவனுக்கு நாங்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி நிற்கிறோம். நடுவில் தேநீர் இடைவேளை உண்டு. மதினிக்கு அதெல்லாம் இல்லை.

திதிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் குற்றாலத்தில் மூலிகை எண்ணெய் காய்ச்சித் தருபவரைச் சொன்னார். இன்னொருவர், கொல்லத்தில் ஓர் ஊசி போடுகிறார்கள், ஆறு மாதத்தில் பேச்சு வந்துவிடும் என்றார். "சரியாப் போச்சாம், போட்டோவே காட்டுதான்" என்றார். போட்டோவில் பேச்சு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

4

முதல் சில நாள் நான் எதுவும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "சும்மா சும்மா அடிச்சுக்கிடுதான்" என்று மதினி சொல்லியிருந்தாள். சும்மா இல்லை. காலையில் சட்னிக்கு மிக்ஸி ஓடும்போது அடித்துக்கொண்டான். பதினோரு மணி வாக்கில் பசி வந்ததும் அடித்துக்கொண்டான். அடித்ததும் மதினி பதறி ஓடி நேந்திரங்காய் சிப்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அடங்கினான்.

"மதினி, சிப்ஸ் வேணும்னா தலையில அடிக்கணும்னு அவன் புரிஞ்சு வச்சிருக்கான்" என்றேன்.

"அப்ப நாந்தான் அவன அடிக்கேங்கியா?"

"அப்படிச் சொல்லல மதினி. கேக்க அவனுக்கு வேற வழி இல்ல. நாம குடுக்கல."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் தானாக வந்து, "சரி, என்ன செய்யணும்னு சொல்லு" என்றாள்.

போனில் படம் எடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறை ஏற்றினோம். தையல் சாமான் கடையில் ஒட்டி ஒட்டிப் பிரிக்கிற டேப் வாங்கிச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். முதலில் சிப்ஸ் மட்டும். மதினி பாக்கெட்டோடு எதிரில் உட்காருவாள். நான் காசிக்குப் பின்னால். அவன் பாக்கெட்டுக்குக் கை நீட்டும்போது, வாயைத் திறக்காமல் அந்தக் கையைப் பிடித்து, அட்டையை எடுக்கவைத்து, மதினியின் உள்ளங்கையில் வைக்கவைப்பேன். மதினி உடனே "சிப்ஸ்!" என்று சொல்லிக் கொடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான் பாடம். பிறகு முழங்கையை மட்டும் தொட்டேன். பிறகு தொடுவதையும் விட்டேன்.

பழக்கதோஷத்தில் ஒரு தடவை அவனிடம் "வெயிட்" என்றேன். அவன் காதில் வாங்கவே இல்லை. அண்ணன் மகள் பவித்ரா சிரித்துவிட்டாள். "அத்தை, சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்லா." அங்கே தமிழ் தவறு, இங்கே ஆங்கிலம் தவறு. என் வாய்க்கு எந்த ஊர் என்று எனக்கே புரியவில்லை.

ஒரு காலையில் நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து மதினியின் சத்தம்.

"செம்பகம்! ஏட்டி, ஓடி வா! எங்கிட்ட கேக்கான்!"

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். காசி பின்கட்டிலிருந்து நடந்து வந்து, சுவரிலிருந்து அட்டையைப் பிரித்து, அவள் கையைப் பிடித்து விரல்களை விரித்து, உள்ளங்கையில் அட்டையை வைத்து அமுக்கியிருக்கிறான். நான் போனபோது முழுப் பாக்கெட்டும் அவன் மடியில் இருந்தது. மதினி தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இவன் எங்கிட்ட ஒண்ணு கேட்டதே இல்லட்டி. நான் ஒருத்தி இருக்கேன்னே இவனுக்குத் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவள்தான் வாத்தியார். மிக்ஸி போடுவதற்கு முன் மிக்ஸி அட்டையைக் காட்டுவாள். அவன் நான் இங்கிருந்து கொண்டுபோன காதுமூடியை மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான். பகலில் தாழ்ப்பாள் போடுவது நின்றது.

5

காசிக்குத் தண்ணீர் என்றால் உயிர். ஆனால் குற்றால அருவிக்குக் கூட்டிப்போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பேரருவியில் ஒருமுறை வெளியே வரமாட்டேன் என்று நின்றவனை அண்ணன் இழுக்க, அவன் கடிக்க, குடித்துவிட்டு ஆடுகிறான் என்று நினைத்துச் சுற்றி இருந்தவர்கள் அடித்திருக்கிறார்கள். அண்ணனுக்கும் அடி விழுந்தது. அன்றோடு சரி.

வெளியே வருவதுதான் பிரச்சினை என்றால் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். குளியலறையில் ஆரம்பித்தோம். வாளித் தண்ணீர், "முடிஞ்சுது" அட்டை, துண்டு, சிப்ஸ். அது பழகியதும் ஆட்டோ, அருவி, துண்டு, சிப்ஸ் என்று நான்கு படம் ஒட்டிய பட்டை ஒன்று செய்தோம். அப்போதுதான் உறைத்தது: அருவியில் ஆண்கள் பக்கம் நான் போகமுடியாது. இத்தனை வருடம் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், என் தம்பிக்காக ஒரு கம்பித் தடுப்பைத் தாண்ட முடியாது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரு பூரா என்னத் தெரியும். அவன் அங்கன வச்சுக் கடிச்சாம்னா எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"பொம்பளைங்க நாங்க ஆம்பளைங்க பக்கம் வரவா முடியும்? நீங்கதான் போவணும்" என்றாள் மதினி. அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு வாரநாள், அதிகாலையில் ஐந்தருவிக்குப் போனோம். நானும் மதினியும் வெளியே நின்றோம். அண்ணன் காசியின் கையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி மடிப்பில் "முடிஞ்சுது" அட்டையைச் செருகிக்கொண்டு போனான். பாதி வழியில் காவலர் விசில் ஊதினார். காசி காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். அண்ணன் திரும்பி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் நேராகக் காவலரிடம் போனான்.

"சார், தம்பிக்கு விசில் சத்தம் ஆவாது. கொஞ்ச நேரம் ஊதாம இருங்க."

"என்ன, மெண்டலா?"

"இல்ல சார். ஆட்டிசம்."

முப்பது வருடமாக எல்லோரிடமும் வலிப்பு நோய் என்று சொல்லிவந்தவன் அவன்.

தலையில் தண்ணீர் விழுந்ததும் காசி சிரித்தான். அருவிச் சத்தத்தை மீறி எங்களுக்குக் கேட்டது. போதுமான நேரம் விட்டுவிட்டு அண்ணன் அட்டையை உயர்த்திக் காட்டினான். காசி அட்டையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். கை வாய்வரை போனது. அண்ணன் இழுக்கவில்லை, பேசவில்லை. நாங்கள் சொன்னபடியே அசையாமல் நின்றான். கை மெல்லக் கீழே இறங்கியது. காசி தானாக நடந்து வெளியே வந்து, துண்டுக்கும் சிப்ஸுக்கும் கை நீட்டினான்.

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "அம்மா இருக்கும்போதே வந்து செஞ்சிருக்கலாம்லாட்டி."

"சொன்னேன்ணே. அம்மா கேக்கல."

"சொன்ன. செய்யல" என்றான்.

அந்தச் சாரலில் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

6

நான் இங்கே திரும்பிய பிறகு, வீடியோ அழைப்பில் பார்த்தவரை, மதினி நன்றாகத்தான் நடத்திக்கொண்டிருந்தாள். புதிதாகத் தோசை அட்டை, காற்றாடி அட்டை எல்லாம் அவளே செய்தாள். ஆவணியில் பவித்ராவுக்குச் சம்பந்தம் வந்தது. செங்கோட்டைக் குடும்பம், மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை.

அடுத்து நான் கூப்பிட்டபோது சுவரில் அட்டைகள் இல்லை, வெள்ளை அடித்திருந்தார்கள்.

"காசி எங்கண்ணே?"

"ஒரு ஹோம்ல விட்டிருக்கு. பொண்ணு பாத்துட்டுப் போவட்டும், கூட்டிட்டு வந்துருவேன். ரத்தத்துல இருக்கோன்னு அவுக கேட்டா நான் என்ன சொல்ல?"

"அட்டையெல்லாம் கூடக் குடுத்து விட்டியாண்ணே?"

அண்ணன் கொடுத்தனுப்பவில்லை. பிறகு என் நச்சரிப்புக்காகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்தக் காப்பகத்தின் நிர்வாகியைப் போனில் பிடித்தேன்.

"பத்திரமா ஆபீஸ் பீரோவுல எடுத்து வச்சிருக்கேன் மேடம். வெளிய கெடந்தா கிழிச்சுருவாங்க" என்றார்.

"காசி எப்படி இருக்கான்?"

"தங்கமான ஆளு மேடம். ஒரு தொந்தரவும் கெடையாது. ஒண்ணுமே கேக்க மாட்டாரு."

பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று அண்ணனிடம் கத்தித் தீர்த்தேன். அவன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான். "நீ அங்கன சம்பளத்துக்குப் பாக்க. மணி அடிச்சா வீட்டுக்குப் போயிருத. நாங்க எங்க போவோம்? எம் பொண்ணு எங்க போவா?" போனை வைத்துவிட்டான். பவித்ராவிடமிருந்து மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "நான் மறைக்கச் சொல்லலை அத்தை." அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை.

நிலாவிடம் சொன்னேன். கொதித்துப்போனாள். இது அநியாயம், புகார் கொடு என்றாள். யாரிடம் என்று கேட்டேன். போனில் தேடிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, "நீயே போய் அவரைப் பார்த்துக்கலாமே அம்மா? உனக்குத்தான் தெரியுமே" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. தை மாதம் கல்யாணம். பத்திரிகை போனில் வந்தது. உறவினர் வரிசையில் என் பெயர், கணவர் பெயர், நிலா பெயர் எல்லாம் இருக்கிறது. காசி பெயர் இல்லை. ஒரு சில நாள் என்று போனவன் இதை எழுதும் இன்றும் அங்கேதான் இருக்கிறான். கல்யாணம் முடியட்டும் என்கிறான் அண்ணன். அதற்குப் பிறகு மறுவீடு வரும், சீமந்தம் வரும்.

நேற்று மதினி கூப்பிட்டாள். கீழப்பாவூர் நரசிம்மரைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ் மாறி அந்த ஹோமுக்குப் போயிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் பேசினாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"மெலிஞ்சு போயிருக்காம்ட்டி. மொட்டை அடிச்சு விட்டிருக்கானுவ. கையெல்லாம் பழையபடி கடிச்சு வச்சிருக்கான். என்னப் பாத்ததும் எந்திச்சு வந்தான். பையில சிப்ஸ் இருக்குன்னு வாசத்துலயே தெரிஞ்சுக்கிட்டான். தலையில அடிச்சுக்கிடுவானோன்னு எனக்குப் பயம். அடிக்கல. செவரு பூராவும் சுத்திச் சுத்திப் பாத்தான். அங்கன என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. பொறவு எங்கையப் புடிச்சு வெரல விரிச்சான். விரிச்சு, அவன் வெறுங்கைய எங்கையில வச்சு அமுக்குனான்."

"நீங்க என்ன செஞ்சீங்க மதினி?" என்று கேட்டேன்.

"என்ன செய்ய? கேட்டாம்லா, குடுத்தேன்" என்றாள்.